ஃபார்மட் போடும் முன்

கேள்வி: லேப்டாப்பில் அப்டேட் ஓடி முடிந்ததும் நீலத் திரை வந்து 48 இலக்க ‘ரெகவரி கீ’ கேட்கிறது. நான் எந்தப் பாஸ்வேர்டும் வைத்ததில்லை. “ஃபார்மட் போட்டால்தான் ஆகும், உள்ளே இருப்பது போய்விடும்” என்கிறார் கடைக்காரர். மறைந்த என் கணவரின் படங்கள் எல்லாம் அதில்தான் உள்ளன.
— ஓய்வுபெற்ற ஆசிரியை, திண்டுக்கல்

பதில்: அம்மா, முதலில் அந்த லேப்டாப்பைக் கடையிலிருந்து வீட்டுக்கு வாங்கி வந்துவிடுங்கள். படங்கள் அழியவில்லை. பூட்டிய பீரோவுக்குள் இருப்பதுபோல் அப்படியே இருக்கின்றன. ஃபார்மட் போட்டால்தான் அவை போகும்.

நீங்கள் பார்ப்பது, டிஸ்க்கைப் பூட்டும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கரின் திரை. இப்போது வரும் பெரும்பாலான லேப்டாப்களில், முதன்முதலாக விண்டோஸ் அமைக்கும்போது மைக்ரோசாஃப்ட் கணக்கு ஒன்றைக் கொடுத்து உள்ளே போனால், டிஸ்க் தானாகவே பூட்டிக்கொள்ளும். இதை யாரும் நம்மிடம் நிறுத்தி நிதானமாகச் சொல்வதில்லை. அன்றாடம் அந்தப் பூட்டைத் திறந்துவிடுவது மதர்போர்டில் உள்ள டிபிஎம் என்ற சிப். கணினி தொடங்குவதைக் கவனிக்கும் பயாஸ், செக்யூர் பூட் போன்ற அமைப்புகள் நேற்று இருந்தபடியே இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டுத்தான் அது திறக்கும். அப்டேட்டோடு சேர்ந்து பயாஸும் மாறினால் சிப்புக்குச் சந்தேகம் வந்துவிடுகிறது, சாவியைக் கேட்கிறது. 2024 ஜூலை அப்டேட்டுக்குப் பிறகு சில கணினிகளில் காரணமில்லாமலே இந்தத் திரை வந்து, ஆகஸ்ட் அப்டேட்டில் மைக்ரோசாஃப்ட் அதைச் சரிசெய்தது.

நீங்கள் பாஸ்வேர்டு வைக்கவில்லை என்பதை நம்புகிறேன். ஆனால் லேப்டாப் வாங்கிய அன்று அதை அமைத்துக் கொடுத்தது யார்? கணவரா, மகனா, விற்ற கடைக்காரரா? யாருடைய மெயில் முகவரியைப் போட்டார்களோ, பெரும்பாலும் அந்தக் கணக்கில்தான் சாவி இருக்கும். போனிலிருந்தே மைக்ரோசாஃப்ட் தளத்தில் அந்தக் கணக்கில் நுழைந்து, ‘டிவைசஸ்’ பகுதியில் உங்கள் லேப்டாப்பைத் தேடுங்கள். அங்கே பிட்லாக்கர் சாவிகள் வரிசையாக இருக்கும். நீலத் திரையில் தெரியும் ‘கீ ஐடி’யின் முதல் 8 எழுத்துகள் எதனோடு பொருந்துகிறதோ அதுதான் உங்களுடையது. வீட்டில் ஒவ்வொருவர் கணக்கிலும் பாருங்கள். பள்ளியில் கொடுத்த மெயிலால் திறந்திருந்தால் பள்ளியின் கணினிப் பொறுப்பாளரைக் கேளுங்கள்.

கணவரின் கணக்காக இருந்து பாஸ்வேர்டு தெரியாவிட்டால், அவருடைய சிம்மை ரீசார்ஜ் செய்து உயிரோடு வைத்திருங்கள். அந்தக் கணக்கில் அவர் எண்ணைப் பதிந்திருந்தால் ஓடிபி அங்கேதான் வரும். திறந்ததும் வேறு எந்த வேலையையும் தொடாமல் படங்களை இரண்டு இடத்தில் நகலெடுங்கள். 48 இலக்கத்தையும் தாளில் எழுதிப் பத்திரங்களோடு வையுங்கள்.

எங்கு தேடியும் சாவி கிடைக்காவிட்டால் மைக்ரோசாஃப்டாலும் அதைத் தர முடியாது. அப்போதும் பழைய டிஸ்க்கை அழிக்க விடாதீர்கள். கழற்றக்கூடியதாக இருந்தால் எடுத்து வைத்துவிட்டுப் புது டிஸ்க் போடச் சொல்லுங்கள். பின்னாளில் சாவி கிடைத்தால் வேறொரு கணினியில் மாட்டியும் அதைத் திறக்கலாம்.

கேள்வி: டிடிபி கடை வைத்திருக்கிறேன். விண்டோஸ் 11 புதிதாகப் போட்ட பிறகு, விஜயா எழுத்துருவில் செய்த கோயில் மலரின் பக்கங்கள் எல்லாம் நகர்ந்துவிட்டன. பாமினி கோப்புகளில் வெறும் ஆங்கில எழுத்துகள்தான் தெரிகின்றன.
— வாசகர், கும்பகோணம்

பதில்: இவை இரண்டும் வெவ்வேறு கோளாறு. லதா, விஜயா இரண்டையும் விண்டோஸ் 10 முதல் மைக்ரோசாஃப்ட் தனித் தொகுப்பாகப் பிரித்துவிட்டது. அவை இல்லாதபோது நிர்மலா யூஐ என்ற எழுத்துரு வந்து உட்காரும். தமிழ் படிக்க முடியும், ஆனால் எழுத்தின் அகலம் வேறு என்பதால் வரிகள் உடையும். செட்டிங்ஸில் ‘ஆப்ஷனல் ஃபீச்சர்ஸ்’ என்று தேடி, ‘தமிழ் சப்ளிமென்டல் ஃபான்ட்ஸ்’ என்பதைச் சேருங்கள். அதற்கு முன் மலரைத் திறந்து ‘சேவ்’ கொடுக்காதீர்கள், வரிகளைக் கையால் தள்ளிச் சரிசெய்யவும் வேண்டாம்.

பாமினி, எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடு முறையில் அமைந்தது அல்ல. ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் வடிவத்தை வைத்திருக்கும் எழுத்துரு அது. எழுத்துருக் கோப்பைத் திரும்ப நிறுவினால் தமிழ் வந்துவிடும். இங்கே ஒரு நுணுக்கம் உண்டு, டிடிபி செய்யும் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். விண்டோஸ் 10-ன் 2018 அக்டோபர் பதிப்பிலிருந்து, எழுத்துருக் கோப்பை ‘இன்ஸ்டால்’ என்று மட்டும் கொடுத்தால் அது அந்த ஒரு பயனருக்கு மட்டுமே நிறுவப்படுகிறது. பேஜ்மேக்கர் போன்ற பழைய மென்பொருள்களின் பட்டியலில் அது வராமல் போகலாம். வலது கிளிக் செய்து ‘இன்ஸ்டால் ஃபார் ஆல் யூசர்ஸ்’ என்றே கொடுங்கள். நீங்கள் பயன்படுத்தும் எழுத்துருக்கள் எல்லாவற்றையும் ஒரு பென் டிரைவில் தனியாக வைத்திருங்கள். அடுத்த முறை விண்டோஸ் போடுகிறவர் உங்களிடம் அதைக் கேட்கமாட்டார்.

கேள்வி: விண்டோஸ் 11-க்கு மாறி ஒரு வாரம்தான் ஆகிறது. மிகவும் மெதுவாக இருக்கிறது. திரும்பிப் போகலாமா?
— கல்லூரி மாணவி, நாகர்கோவில்

பதில்: போகலாம். ஆனால் 10 நாளுக்குள் போக வேண்டும். செட்டிங்ஸ், சிஸ்டம், ரெகவரி, ‘கோ பேக்’. இடம் போதவில்லை என்று பழைய விண்டோஸ் இருக்கும் ‘விண்டோஸ்.ஓல்ட்’ கோப்புறையை அழித்துவிட்டால் அந்த வழி அடைபடும். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-லேயே முடிந்துவிட்டது. அதனால் அங்கேயே இருக்கப் போகிறீர்கள் என்றால் நீட்டிக்கப்பட்ட பாதுகாப்பு அப்டேட் திட்டத்தில் சேர்ந்துகொள்ளுங்கள்.

கேள்வி: அலுவலகத்தில் ஒரு கணினியில் யூஎஸ்பி பிரிண்டர், மற்றவை அதைப் பகிர்ந்துகொள்கின்றன. அப்டேட்டுக்குப் பிறகு ‘11பி’ என்று முடியும் பிழை வருகிறது. ரெஜிஸ்ட்ரியில் ஓர் எண்ணை மாற்றினால் போதும் என்று வீடியோக்களில் சொல்கிறார்களே?
— கணக்காளர், ஈரோடு

பதில்: மாற்றாதீர்கள், ஐயா. ரெஜிஸ்ட்ரி என்பது விண்டோஸின் உள் அமைப்புகளைக் குறித்து வைத்திருக்கும் இடம். 2021-ல் ‘பிரிண்ட்நைட்மேர்’ என்ற ஓட்டை விண்டோஸின் அச்சுப் பகுதியில் கண்டுபிடிக்கப்பட்டது. அதையடுத்து அச்சுப் பகுதியில் பல கதவுகளை மைக்ரோசாஃப்ட் இறுக்கியது. இந்தப் பிழை அந்த ஆண்டு செப்டம்பர் அப்டேட்டோடு வந்தது. வீடியோவில் சொல்லும் மாற்றம் அந்தப் பாதுகாப்பைத் திரும்பத் தளர்த்துகிறது. வாடிக்கையாளர்களின் பான், ஜிஎஸ்டி விவரம் எல்லாம் இருக்கும் அலுவலகத்தில் இது வேண்டாம்.

பெரும்பாலும் ஒரு கணினி அப்டேட் ஆகி இன்னொன்று ஆகாமல் இருப்பதுதான் காரணம். எல்லாவற்றிலும் அப்டேட்டை முடித்து, ஒரே டிரைவரைப் போட்டு, பிரிண்டரை நீக்கிவிட்டுத் திரும்பச் சேருங்கள். உங்கள் பிரிண்டரில் லேன் சாக்கெட் இருந்தால் கேபிளை நேரே ரூட்டரில் செருகிவிடுங்கள். பகிர்வே தேவைப்படாது.