இருட்டினால் அடி வாங்குகிறேன்!

கேள்வி: 'பேட்டில் ஃபார் வெஸ்நாத்' என்ற கணினிப் போர் விளையாட்டை விளையாட ஆரம்பித்திருக்கிறேன். ஓர்க்குகள் என்ற அரக்கர் படையோடு மோதினால் என் மனிதப் படை பாதி ஆட்டத்திலேயே காலி. எங்கே தப்பு?

பதில்: மணி பார்க்காமல் சண்டைக்குப் போகிறீர்கள்! அந்த ஆட்டத்தில் 6 சுற்று ஒரு நாள்; மனிதப் படையில் பெரும்பாலோர் பகலில் 25 சதவீதம் கூடுதலாக அடிப்பார்கள், இரவில் அதே அளவு குறையும், ஓர்க்குகளுக்கு அப்படியே தலைகீழ். அதனால் பொழுது சாய்ந்ததும் கௌரவம் பார்க்காமல் பின்வாங்குங்கள், விடிந்ததும் பாயுங்கள். அடிபட்டவனைக் கிராமத்தில் நிறுத்தினால் சுற்றுக்கு 8 புள்ளி உயிர் தேறும், பிடித்த கிராமம் தங்கமும் தரும். அப்புறம், தண்ணீரில் நின்று சண்டை போடாதீர்கள், அங்கே எதிரி வீசுவதெல்லாம் உங்கள் ஆள் மேல்தான் விழும் (நானும் பட்டிருக்கிறேன்).