பார்க்கில் வந்து நிற்கும் கேரவன்கள்: வாசகர் கேள்வி, நம் பதில்

போன இதழில் இங்கிலாந்தின் டிராவலர் மக்களைப் பற்றி, அதாவது கேரவன் என்ற இழுத்துச் செல்லும் வண்டி வீட்டோடு ஊர் ஊராகப் போகும் மரபுள்ள ரோமானி, ஐரிஷ் டிராவலர் போன்ற சமூகங்களைப் பற்றி, ஒரு சின்னத் துணுக்கு போட்டிருந்தோம். அதற்கு அங்கிருந்து வந்த கடிதங்களில் சிலவும் பதில்களும் இங்கே. வெறும் வசவாக வந்தவற்றை விட்டுவிட்டோம்.

கே: எங்கள் தெருமுனைப் பார்க்கில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் பத்துப் பன்னிரண்டு கேரவன்கள் வந்து நின்றுவிட்டன. கவுன்சிலை (உள்ளாட்சியை) கேட்டால் 'திங்கட்கிழமை அதிகாரி வந்து பார்ப்பார்' என்கிறார்கள், போலீஸைக் கேட்டால் 'அது கவுன்சில் விஷயம்' என்கிறார்கள். நான் மஞ்சள் கோட்டில் ஐந்து நிமிஷம் காரை நிறுத்தினால் டிக்கெட் வருகிறது. இவர்களுக்கு மட்டும் என்ன சலுகை? (கிழக்கு லண்டன் வாசகர்)

சலுகை எதுவும் இல்லை. கார் டிக்கெட்டுக்கு ஒரு கேமரா போதும், குடும்பம் குடியிருக்கும் வீட்டை நகர்த்த கோர்ட் வேண்டும். அடுத்தவர் நிலத்தில் போய்த் தங்குவது அங்கே அடிப்படையில் சிவில் விவகாரம், அதனால்தான் போலீஸ் கையை விரிக்கிறது.

முதலில் நிலம் யாருடையது என்று பார்ப்பார்கள். தனியார் நிலம் என்றால் கோர்ட்டுக்குப் போக வேண்டியது பெரும்பாலும் சொந்தக்காரர்தான். பார்க் கவுன்சிலுடையது என்றால் ஒரு அதிகாரி படிவத்தோடு போய் ஒவ்வொரு கேரவன் கதவையும் தட்டுவார். கர்ப்பிணி யாராவது இருக்கிறார்களா, கைக்குழந்தை உண்டா, யாருக்காவது ஆஸ்பத்திரி அப்பாயின்ட்மென்ட் இருக்கிறதா, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்களா, எத்தனை நாள் நிற்க உத்தேசம், எல்லாம் கேட்டு எழுதிக்கொள்வார். பார்ப்பவர்களுக்கு எரிச்சலாகத்தான் இருக்கும், 'என்ன, விரட்டாமல் குசலம் விசாரிக்கிறார்கள்' என்று. ஆனால் இதைச் செய்யச் சொல்லி 1994-லேயே அரசு சுற்றறிக்கை இருக்கிறது, செய்யாமல் கோர்ட்டுக்குப் போனால் கவுன்சிலின் வழக்கே அடிபட்டுப் போகலாம். அப்புறம்தான் 1994 குற்றவியல் நீதிச் சட்டத்தின் 77-ஆம் பிரிவில் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ், அதற்கும் அசையாவிட்டால் 78-ஆம் பிரிவில் மாஜிஸ்திரேட் உத்தரவு, கடைசியில் உத்தரவை நிறைவேற்றி வெளியேற்றும் பெய்லிஃப். சில கவுன்சில்கள் கவுன்ட்டி கோர்ட் வழியாகப் போவதும் உண்டு. எப்படிப் போனாலும் ஒரு வாரம், பத்து நாள் ஓடிவிடும், நடுவில் பேங்க் ஹாலிடே (பொது விடுமுறை) வந்தால் இன்னும் இழுக்கும். உத்தரவு கைக்கு வருவதற்குள் அவர்கள் பக்கத்துக் கவுன்சிலின் பார்க்குக்குப் போயிருப்பார்கள், அங்கே வேறொரு அதிகாரி அதே கேள்விகளை முதலிலிருந்து ஆரம்பிப்பார்.

போலீஸுக்கு அதிகாரமே இல்லை என்றும் சொல்ல முடியாது. நிலத்துக்குரியவர் போகச் சொல்லியும் போகவில்லை, அதோடு சேதமோ மிரட்டலோ நடந்திருக்கிறது, அல்லது ஆறு வண்டியோ அதற்கு மேலோ நிற்கிறது என்றால், அதே சட்டத்தின் 61-ஆம் பிரிவில் அவர்களே கிளம்பச் சொல்லலாம். கேரவன் ஒன்று, அதை இழுத்து வந்த வேன் ஒன்று என்று தனித்தனியாக எண்ணுவார்கள், ஆகவே ஆறு சீக்கிரம் வந்துவிடும். ஆனாலும் அது போலீஸின் விருப்புரிமை, கட்டாயம் இல்லை. இதைவிடச் சுலபமானது 62ஏ பிரிவு: அதே கவுன்சில் எல்லைக்குள் அவர்கள் போய் நிற்கத் தகுந்த ஒரு இடம் காலியாக இருந்தால், ‘அங்கே போங்கள்’ என்று போலீஸ் அனுப்பிவிடலாம், வண்டி எண்ணிக்கை, சேதம் எதுவும் பார்க்க வேண்டியதில்லை. அப்படி ஒரு இடம் பெரும்பாலான கவுன்சில்களிடம் கிடையாது. உங்கள் பார்க் பிரச்சினையின் முடிச்சு அங்கேதான் இருக்கிறது.

கே: 2022-இல் இதையே குற்றமாக்கிவிட்டதாகப் படித்தேன். அப்படியும் ஏன் தொடர்கிறது? (ஹாரோ வாசகி)

ஆக்கினார்கள். போகச் சொல்லியும் போகாமல் கணிசமான சேதமோ தொல்லையோ உண்டாக்கினால், உண்டாக்கக்கூடும் என்றாலும்கூட, 3 மாதம் வரை சிறை, 2,500 பவுண்டு வரை அபராதம், வண்டியையும் பறிமுதல் செய்யலாம். அந்த வண்டிதான் வீடு என்பதால் இது சாதாரண பறிமுதல் அல்ல. கிளப்பிவிட்ட இடத்துக்குத் திரும்பி வரக்கூடாத காலத்தையும் 3 மாதத்திலிருந்து 12 மாதமாக நீட்டினார்கள். அந்த நீட்டிப்பு மனித உரிமைகளுக்கு ஒத்துவரவில்லை என்று 2024 மே மாதம் உயர் நீதிமன்றம் சொன்னது, போய் நிற்கப் போதுமான இடமே இல்லாதபோது இது பாரபட்சமாகிறது என்று. குற்றம் என்று எழுதி வைத்தால் கேரவன்கள் கரைந்து போய்விடுமா என்ன?

கே: வாடகை, வரி எதுவும் கட்டுவதில்லையாமே?

கேரவன்கள் நிற்கக் கவுன்சில் அமைத்த சைட்டில் இருப்பவர்கள் வாடகையும் கவுன்சில் வரியும் கட்டுகிறார்கள். இன்னொன்று, இங்கிலாந்தில் டிராவலர் கேரவன்களில் மிகப் பெரும்பாலானவை அனுமதி பெற்ற நிலத்தில்தான் நிற்கின்றன. நம் கண்ணில் படுவது மிச்சம்தான்.

கே: அந்த சைட் எப்படி இருக்கும்? வீடு கொடுத்தால் போக மாட்டார்களா? (லெஸ்டர் வாசகர்)

ஒரு குடும்பத்துக்கு ஒரு பிட்ச், அதாவது ஒரு மனை. கான்கிரீட் தரை, ஒரு பெரிய கேரவனும் ஒரு சின்னதும் நிற்கிற அளவு. ஓரத்தில் செங்கல்லில் கட்டிய சின்னக் கட்டிடம், அதற்குள் குளியலறை, கழிப்பறை, துணி துவைக்க, சமைக்க வசதி. தண்ணீர்க் குழாய், மின்சார மீட்டர். கழிப்பறையைத் தனியாகக் கட்டுவதற்குக் காரணம் உண்டு. பழைய வழக்கத்தை விடாத ரோமானி குடும்பங்கள் சாப்பிட்டுத் தூங்கும் கேரவனுக்குள் கழிப்பறை வைக்க ஒப்புவதில்லை, பாத்திரம் கழுவும் பேசினில் கைகால் கழுவுவதில்லை. கக்கூஸைக் கொல்லைக் கடைசியில் கட்டச் சொன்ன நம் பாட்டிகளுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

வீட்டில் குடியிருப்பவர்களும் நிறையப் பேர் உண்டு. ஆனால் 'வீட்டுக்குப் போ' என்பதை யாரும் கொள்கையாக வைத்துவிட முடியாது. ரோமானி மக்களும் ஐரிஷ் டிராவலர்களும் சட்டப்படி தனித்தனி இனக்குழுக்கள், 2010 சமத்துவச் சட்டம் அவர்களுக்கும் பொருந்தும். கவுன்சில்கள் சைட்டுக்குத் தேர்ந்தெடுத்த இடங்களையும் பாருங்கள்: மோட்டார்வே ஓரம், ரயில் பாதை அருகே, கழிவுநீர் நிலையத்தின் பக்கத்தில். மேற்கு லண்டனில் ஒன்று வெஸ்ட்வே மேம்பாலத்தின் அடியிலேயே இருக்கிறது.

சொந்தமாக நிலம் வாங்கிக்கொள்ளலாமே என்று இன்னொருவர் கேட்டிருந்தார். வாங்குகிறார்கள், அங்கே குடியிருக்கக் கவுன்சில் தர வேண்டிய திட்ட அனுமதிதான் பெரும்பாலும் கிடைப்பதில்லை. எசெக்ஸில் பாசில்டன் அருகே டேல் ஃபார்ம் என்ற இடத்தில் பழைய இரும்புக் கிடங்கு நிலத்தை வாங்கிக் குடியேறினார்கள். கிரீன் பெல்ட் (நகரைச் சுற்றிக் கட்டிடம் கட்டாமல் காக்கும் நிலம்) என்பதால் அனுமதி மறுக்கப்பட்டு, பத்தாண்டு வழக்குக்குப் பிறகு 2011 அக்டோபரில் கலவரத் தடுப்புப் போலீஸோடு போய் எண்பது குடும்பங்கள் அளவில் வெளியேற்றினார்கள். கவுன்சிலுக்கும் போலீஸுக்குமாகச் சுமார் 70 லட்சம் பவுண்டு செலவு. அந்தப் பணத்தில் எத்தனை பிட்ச் கட்டியிருக்கலாம் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

இதில் கோபம் வரும் விஷயம் என்னவென்றால், ஒரு காலத்தில் கட்டித்தான் கொடுத்தார்கள். 1968-இல் வந்த சட்டம் இடம் அமைத்துக் கொடுப்பதைக் கவுன்சில்களின் கடமையாக்கியது. 1994-இல் அந்தக் கடமையை நீக்கினார்கள். கடமையை நீக்கியதும், நான் மேலே சொன்ன கிளப்பிவிடும் அதிகாரங்களைக் கொடுத்ததும் ஒரே சட்டம். வேல்ஸில் மட்டும் 2014 சட்டத்தால் கடமை திரும்பி வந்திருக்கிறது.

கே: உருப்படியாகச் செய்கிற கவுன்சில் ஒன்றுகூட இல்லையா?

லீட்ஸைப் பாருங்கள். அங்கே கவுன்சில் குடும்பங்களோடு பேசி, இந்த நிலத்தில் இன்ன தேதி வரை நிற்கலாம் என்று ஒத்துக்கொள்கிறது. குப்பைக்கு ஸ்கிப்பும் (பெரிய இரும்புத் தொட்டி) தற்காலிகக் கழிப்பறையும் கவுன்சில் வைக்கும். குப்பை, நெருப்பு, சத்தம் பற்றிக் குடும்பங்கள் வாக்குக் கொடுக்க வேண்டும். கோர்ட் செலவும் சுத்தம் செய்யும் செலவும் குறைந்ததால் இது நிலைத்தது, கருணையால் மட்டும் அல்ல.

கே: எங்கள் ஊரில் ஆறு பிட்ச் உள்ள டிரான்சிட் சைட் அமைக்கக் கவுன்சில் யோசிக்கிறது. எதிர்ப்பு மனுவில் கையெழுத்துக் கேட்டுப் பக்கத்து வீட்டுக்காரர் வந்தார். போடலாமா? (மிட்லண்ட்ஸ் வாசகி)

போடாதீர்கள். டிரான்சிட் சைட் என்றால் சில வாரம், அதிகபட்சம் ஏறக்குறைய மூன்று மாதம் நின்றுவிட்டுப் போகும் இடம். அதில் பிட்ச் காலியாக இருக்கும்போதெல்லாம் 62ஏ பிரிவு போலீஸுக்குக் கைகொடுக்கும், உங்கள் பார்க்கும் பள்ளி மைதானமும் தப்பிக்கும். அந்த இடத்தில் வெள்ளம் வருமா, பெரிய வண்டி திரும்ப வழி இருக்கிறதா, பள்ளிக்கும் டாக்டருக்கும் எவ்வளவு தூரம் என்று சந்தேகம் இருந்தால் அதைத் தனியாக உங்கள் பெயரில் எழுதுங்கள், திட்ட அதிகாரிகள் எடைபோடுவது அதைத்தான். 'அந்த மாதிரி ஆட்கள் வேண்டாம்' என்று எழுதும் கடிதங்களை அவர்கள் ஓரம் வைத்துவிடுவார்கள். பக்கத்து வீட்டுக்காரர் விடாமல் வந்தால், போன கோடையில் கேரவன்கள் போனபின் பார்க்கைச் சுத்தம் செய்ய எவ்வளவு ஆனது என்று கவுன்சிலிடம் தகவல் கேட்டு வாங்கி, அந்தத் தாளை அவரிடம் கொடுங்கள்.