வாசகர் கேள்வி பதில்: ‘லூசு’ செல்லமா, வசையா?

கேள்வி: தமிழ்ப் படங்களைப் பார்த்துவிட்டு என் பேரன் தன் தங்கையை ‘லூசு’ என்று அழைக்கிறான். கேட்டால் விளையாட்டுச் சொல் என்கிறான். ஆனால் நான் ‘பைத்தியம்’ என்றால் மட்டும் கோபித்துக்கொள்கிறான். இரண்டும் ஒன்றுதானே?
– ஒரு வாசகி, செட்ஸ்வர்த்

பதில்: அகராதியில் ஏறக்குறைய ஒன்றுதான் அம்மா, வீட்டுப் பேச்சில் அல்ல. ‘பைத்தியம்’, ‘பித்து’ இரண்டும் பித்தம் என்ற மருத்துவச் சொல்லின் வழி வந்தவை. வாதம், பித்தம், கபம் என்னும் மூன்றில் பித்தம் மிகுந்து தலைக்கேறினால் அறிவு கலங்கும் என்று பழைய வைத்தியம் கருதியதால், இவை முதலில் நோயைக் குறித்தனவே அன்றி யாரையும் ஏசுவதற்குப் பிறந்தவை அல்ல. பின்னர் இவற்றின் போக்கு வேறுபட்டது. தம்மை அடிமை என்று உரிமை கொண்டாடி வந்த முதியவரைச் சுந்தரர் ‘பித்தன்’ என்று ஏசினார் என்றும், வந்தவர் இறைவனே என்று தெரிந்தபின் அந்தச் சொல்லையே முதலாக வைத்துத் திருவெண்ணெய்நல்லூரில் ‘பித்தா பிறைசூடீ’ என்று பாடினார் என்றும் பெரியபுராணம் கூறுகிறது. ‘பெற்ற மனம் பித்து’ என்ற பழமொழியிலும் தாயைப் பழிக்கும் குரல் இல்லை. அங்கே ‘பைத்தியம்’ என்று மாற்றிச் சொல்லிப் பாருங்கள், சண்டை வந்துவிடும்.

‘பைத்தியம்’ ஓர் ஆளின்மேல் நேராக விழுந்தால் கடுமையானது; வேறொரு பெயரின் பின்னால் வந்தால் இளகிவிடும். டர்பனின் கிங்ஸ்மீட் மைதானத்தில் வெயிலைப் பொருட்படுத்தாமல் நாள் முழுவதும் உட்கார்ந்திருப்பவரைக் ‘கிரிக்கெட் பைத்தியம்’ என்றால் அவரே சிரித்துக்கொண்டு ஒப்புக்கொள்வார். ‘வெறி’ அப்படி இளகுவதில்லை. 1948 முதல் நம் தென்னாப்பிரிக்காவை ஆண்ட கொள்கையைத் தமிழில் ‘நிறவெறி’ என்கிறோமே தவிர, ‘நிறப்பைத்தியம்’ என்று யாரும் சொல்வதில்லை. பிறருக்குத் தீங்கு செய்யும் வேகம் ‘வெறி’யில் அடங்கியிருப்பதே அதற்குக் காரணம் என்பது என் எண்ணம்.

‘கிறுக்கு’ தலைச்சுற்றலையும் குறிக்கும் சொல். ‘அவருக்குக் கொஞ்சம் கிறுக்கு’ என்றால் பெரும்பாலும் அவர் தம் போக்கில் போகிறவர் என்றுதான் பொருள். நெல்லைச் சீமையில் ‘கோட்டி’ என்றும் இலங்கையில் ‘விசர்’ என்றும் சொல்வார்கள். ‘லூசு’ என்பது, ‘மரை கழன்றது’ என்று நாம் சொல்லும் அதே எண்ணத்தின் ஆங்கில வடிவம். ஒத்த வயதினரிடையே செல்லமாகவும், பெரியவர்களிடம் மரியாதைக் குறைவாகவும், கோபத்தில் வசையாகவும் அது மாறும். உங்கள் பேத்தியும் அண்ணனைத் திருப்பி ‘லூசு’ என்று சொல்லிச் சிரிக்கிறாள் என்றால் விட்டுவிடுங்கள். அவள் முகம் சுருங்கினால் நிறுத்தச் சொல்லுங்கள். ‘மென்டல்’ என்ற சொல்லை மட்டும் எந்த நிலையிலும் அனுமதிக்காதீர்கள். அது நோயுற்றவர்களை நேரடியாகச் சுட்டி இழிவுபடுத்துகிறது.

கேள்வி: என் தம்பி மனநல மருத்துவமனையில் சேர்க்கப்பட்டிருக்கிறார். எங்கள் கோயில் சங்கத்திற்குத் தமிழில் கடிதம் எழுத வேண்டியிருக்கிறது. ‘புத்தி சுவாதீனம் இல்லாதவர்’ என்று எழுதுவது மரியாதையாக இருக்குமா?
– ஒரு வாசகர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்

பதில்: வேண்டாம். அது பத்திரங்களிலும் நீதிமன்றத் தாள்களிலும் புழங்கிய தொடர். மரியாதையானதாகத் தோன்றினாலும் ஆளையே முழுமையாக நிராகரிக்கிறது. ‘மனநலம் குன்றியவர்’ என்பதும் பொருந்தாது, ஏனெனில் பலர் அதை அறிவு வளர்ச்சிக் குறைபாட்டோடு குழப்பிக்கொள்கிறார்கள். ‘மனநலச் சிகிச்சை பெற்று வருகிறார்’ என்று எழுதுங்கள். நம் நேட்டால் பகுதியின் 1868ஆம் ஆண்டுச் சட்டம் இத்தகையவர்களை ‘லூனட்டிக்’ என்றே குறித்தது. இன்று நடைமுறையில் உள்ள 2002ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டமோ ‘மனநலப் பராமரிப்பைப் பயன்படுத்துபவர்’ என்று சொல்கிறது. கடிதத்தில் எழுத அது நீளமானது என்றாலும், ஆளை நோயாகப் பார்க்காத அந்த முறை நமக்கும் ஏற்றது.

மருத்துவமனையின் பெயரையும் குறிப்பிட வேண்டியதில்லை. 1794இல் தொடங்கிய பழமையான மனநல மருத்துவமனை இருப்பதால், சென்னையில் ‘கீழ்ப்பாக்கம்’ என்ற பகுதியின் பெயரே கேலிச் சொல்லாகிவிட்டது. உங்கள் தம்பி சம்மதித்தால் மட்டும் மனநலம் என்று எழுதுங்கள்; இல்லையேல் ‘மருத்துவமனையில் இருக்கிறார்’ என்பதே சங்கத்திற்குப் போதும்.

கேள்வி: ஊமத்தையை ஆஃப்ரிகான்ஸ் மொழியில் ‘மல்பிட்ட’ என்கிறார்கள். அது நம் ‘பித்து’தானா?
– ஒரு வாசகர், டர்பன்

பதில்: அல்ல. அந்த மொழியில் ‘மல்’ என்றால் பைத்தியம், ‘பிட்ட’ என்றால் விதைகள்; ஒலி ஒத்திருப்பது தற்செயல். ஆனால் ‘ஊமத்தை’யும் பைத்தியம் பிடித்த என்று பொருள்படும் வடமொழியின் ‘உன்மத்த’ என்னும் சொல்லோடு தொடர்புடையதே. விதையைத் தின்றவருக்குப் புத்தி தடுமாறுவதைக் கண்டு இரு மொழியினரும் தனித்தனியே அப்படிப் பெயரிட்டிருக்கிறார்கள். உயிருக்கே ஆபத்தான செடி அது. தோட்டத்தில் முளைத்தால் குழந்தைகள் கைக்கு எட்டுவதற்கு முன் பிடுங்கிவிடுங்கள்.