கரண்ட் போனது, ஹார்ட் டிஸ்க் மக்கர் செய்கிறது: செக்டிஸ்க் ஓட்டலாமா?

கேள்வி: சின்ன போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். 1 டிபி எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கில் கல்யாணப் படங்கள் காப்பி ஆகிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போய்விட்டது. இப்போது டிஸ்க் தெரிகிறது, ஆனால் இரண்டு ஃபோல்டர்களைத் திறந்தால் 'கரப்டட் அண்ட் அன்ரீடபிள்' என்கிறது விண்டோஸ். கடையில் கேட்டால், விண்டோஸின் டிஸ்க் சரிபார்க்கும் கட்டளையான செக்டிஸ்க்கை (chkdsk) ஸ்லாஷ் ஆர் (/r) போட்டு ஓட்டினால் சரியாகிவிடும் என்கிறார்கள். ஓட்டலாமா?

பதில்: ஓட்டலாம், ஆனால் முதல் வேலையாக வேண்டாம். திறக்கிற ஃபோல்டர்களை எல்லாம் முதலில் வேறொரு டிஸ்க்குக்குக் காப்பி எடுங்கள். கேட்ட ஃபோல்டர் வரவில்லை என்றால் அதையே திரும்பத் திரும்பக் கிளிக் செய்யாமல் அடுத்ததற்குப் போங்கள்.

ஏன் இந்த வரிசை என்றால், செக்டிஸ்க்கின் வேலை உங்கள் படங்களைக் காப்பாற்றுவது அல்ல. ஃபைல் சிஸ்டத்தின், அதாவது எந்த ஃபைல் எங்கே இருக்கிறது என்று குறித்துவைக்கும் அமைப்பின், கணக்கை நேர் செய்வதுதான். உங்கள் டிஸ்க்கில் இருப்பது விண்டோஸின் வழக்கமான ஃபைல் சிஸ்டமான என்டிஎஃப்எஸ் என்றால், ஒவ்வொரு ஃபைலுக்கும் எம்எஃப்டி என்ற அட்டவணையில் ஒரு பதிவு இருக்கும். பெயர், அளவு, டிஸ்க்கில் எங்கெங்கே கிடக்கிறது என்பதெல்லாம் அதில். ஃபோல்டருக்குத் தனியாக ஒரு இண்டெக்ஸ், எந்த இடம் காலி என்று சொல்ல ஒரு பிட்மேப். ஒன்றில் எழுதி, மற்றதில் எழுதுவதற்குள் கரண்ட் போனால் மூன்றும் ஒத்துப்போகாது. இதற்காகவே, செய்யப்போகும் மாற்றங்களை எழுதிவைக்க ஜர்னல் என்று ஒரு குறிப்பேடு உண்டு. பெரும்பாலும் அடுத்த முறை செருகும்போது அதை வைத்தே விண்டோஸ் சத்தமில்லாமல் சரிசெய்துவிடும். உங்கள் விஷயத்தில் அது போதவில்லை.

அப்புறம்தான் செக்டிஸ்க். பேரேடு இடிக்கும்போது இடிக்கிற வரியையே அடித்துவிடும் கணக்குப்பிள்ளை மாதிரி அது. சிதைந்த பதிவைப் பார்த்தால் நீக்கிவிடும். ஃபோல்டர் இல்லாமல் அநாதையாக நிற்கும் ஃபைலை, முடிந்தால் பழைய இடத்தில் சேர்க்கும், இல்லாவிட்டால் 'ஃபவுண்ட் டாட் 000' என்ற மறைந்த ஃபோல்டரில் போட்டு வைக்கும். கடைசியில் 'பிழை எதுவும் இல்லை' என்று வரும். டிஸ்க்கைப் பொறுத்தவரை அது உண்மைதான், மணமேடைப் படங்கள் போயிருந்தாலும்!

காப்பி முடிந்ததும் கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் டிஸ்க்கின் உடல்நிலையைப் பாருங்கள். சி5 என்ற வரி, அதாவது 'கரண்ட் பெண்டிங் செக்டர்' (செக்டர் என்பது டிஸ்க்கின் ஒரு சிறு துண்டு), பூஜ்யமாக இருந்தால் நல்லது. எண் ஏதாவது இருந்தால் டிஸ்க்கால் சில இடங்களைப் படிக்க முடியவில்லை என்று அர்த்தம். அந்த நிலையில் எந்த ரிப்பேரும் வேண்டாம். லினக்ஸ் தெரிந்தவர் இருந்தால் டிடிரெஸ்க்யூ என்ற பிரதி எடுக்கும் கருவியைக் கொண்டு முழு டிஸ்க்கையும் பிரதி எடுத்து, அந்தப் பிரதியில் வேலை செய்யச் சொல்லுங்கள். டிக் டிக் என்று சத்தம் வந்தால் அதுவும் வேண்டாம், பிடுங்கி வைத்துவிட்டு டேட்டா ரெக்கவரி செய்பவரிடம் கொடுங்கள்.

டிஸ்க் ஆரோக்கியம் என்றால், கமாண்ட் பிராம்ப்ட்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து, செக்டிஸ்க் கட்டளையுடன் டிரைவ் எழுத்தையும் முக்காற்புள்ளியையும் மட்டும் கொடுங்கள். ஸ்லாஷ் எதுவும் போடாவிட்டால் அது பார்க்க மட்டுமே செய்யும், தொடாது. என்ன சொல்கிறது என்று படித்துவிட்டு ஸ்லாஷ் எஃப் போட்டு ஓட்டுங்கள். அதுதான் திருத்துவது. டிரைவைத் துண்டிக்கட்டுமா என்று கேட்டால், அதில் திறந்திருப்பதை எல்லாம் மூடிவிட்டு ஒய் அழுத்துங்கள்.

கடையில் சொன்ன ஸ்லாஷ் ஆர் இதையும் செய்துவிட்டு, ஒவ்வொரு செக்டராகப் படித்தும் பார்க்கும். விநாடிக்கு 100 எம்பி வேகம் என்று வைத்தாலும் 1 டிபிக்கு ஏறக்குறைய 3 மணி நேரம். நல்ல டிஸ்க்குக்கு அது தேவையில்லை. தள்ளாடுகிற டிஸ்க்குக்கு அவ்வளவு உழைப்பைக் கொடுப்பது ஆபத்து. எல்லாவற்றுக்கும் ஸ்லாஷ் ஆர் போடச் சொல்கிற கடைக்காரர்களின் பழக்கம் எனக்குப் பிடிக்காது.

இதே சிக்கல் கேமரா கார்டில் வந்தால் கதை வேறு. அவற்றில் பெரும்பாலும் எக்ஸ்ஃபேட் என்ற வேறொரு ஃபைல் சிஸ்டம் இருக்கும். அதில் ஜர்னல் கிடையாது. 'ஃபார்மேட் செய்தால்தான் பயன்படுத்த முடியும்' என்று விண்டோஸ் கேட்டால் கேன்சல் அழுத்துங்கள். டிரைவ் 'ரா' என்று காட்டினால், அதாவது ஃபைல் சிஸ்டமே விண்டோஸுக்கு அடையாளம் தெரியாவிட்டால், செக்டிஸ்க் ஓடவே ஓடாது. ஃபோட்டோரெக் போன்ற மீட்புக் கருவிதான் வழி. மீட்பதை அதே கார்டில் சேமிக்கக் கூடாது.

ரிப்பேர் முடிந்ததும், கரண்ட் போன நேரத்தில் காப்பியான படங்களை ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள். ஜர்னல் காப்பது பதிவுகளைத்தான், படத்தின் உள்ளடக்கத்தை அல்ல. அளவு சரியாகக் காட்டும், திறந்தால் பாதிப் படம் சாம்பல் நிறமாக இருக்கும். கேமரா கார்டை இன்னும் அழிக்கவில்லை என்றால் அந்தப் படங்களை அங்கிருந்தே மறுபடி எடுத்துக்கொள்ளுங்கள்.