‘எதிரி அப்படிச் செய்யமாட்டான்’: வாசகர் கேள்விகள், ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரியின் பதில்கள்

கேள்வி: சென்ற இதழில் ‘சிவப்பு அணி’ என்று போகிறபோக்கில் எழுதியிருந்தீர்கள். அது என்ன? ஏன் சிவப்பு?

பதில்: வரைபடத்தில் நம் படைக்கு நீலப் பென்சில், எதிரிக்குச் சிவப்பு. பல ராணுவங்களில் இதுதான் வழக்கம். சீன ராணுவத்தில் தலைகீழ். அங்கே சொந்தப் படைதான் சிவப்பு, பயிற்சி எதிரி நீலம். ஒரு திட்டம் தயாரானதும் நம் ஆட்களிலேயே சிலரைத் தனியே உட்காரவைத்து, “நீ இப்போது எதிரி. இதை உடைத்துக் காட்டு” என்று சொல்கிறோம். அவர்கள்தான் சிவப்பு அணி.

மாற்றுப் பகுப்பாய்வு என்பது இதன் ஒன்றுவிட்ட சகோதரன். அது திட்டத்தைத் தொடாது. திட்டத்துக்கு அடியில் யாரும் கேள்வி கேட்காமல் கிடக்கிற அனுமானத்தைத் தோண்டும். நம் தத்துவ வாதங்களில் பரபக்கம், சுபக்கம் என்று வைத்தார்களே, ஏறக்குறைய அதுதான். மாற்றான் கட்சியை முதலில் முழுசாகச் சொல்லியாக வேண்டும். நம் கட்சி பிறகுதான்.

கேள்வி: செயற்கைக்கோள், ஒட்டுக்கேட்பு, ஒற்றர்கள் என்று எல்லாம் இருந்தும் நாடுகள் எப்படி ஏமாறுகின்றன? தகவல் போதவில்லையா?

பதில்: பெரும்பாலும் தகவல் போதும். அதைப் போட்டுவைக்கிற பெட்டிதான் தவறானதாக இருக்கும்.

1973 செப்டம்பர் கடைசி. சூயஸ் கால்வாயின் மேற்குக் கரையில் எகிப்துப் படைகள் குவிவதை இஸ்ரேல் ராணுவ உளவுத்துறை பார்த்துக்கொண்டுதான் இருந்தது. ஆனால் அவர்களிடம் ஓர் அசையாத கருத்து இருந்தது. இஸ்ரேலின் உட்பகுதியைத் தாக்கும் நீண்டதூர விமானங்களும் ஏவுகணைகளும் கைக்கு வரும்வரை எகிப்து போருக்கு வராது. எகிப்து வராமல் சிரியா தனியாக வராது. பிற்பாடு ‘கொன்செப்சியா’ என்று பெயர்வைத்தே இதைத் திட்டித் தீர்த்தார்கள். அந்தக் கருத்தின்படி, கரையில் நடப்பது வருடாந்தரப் பயிற்சி. சிமான் டோவ் என்ற இளம் லெப்டினன்ட், பயிற்சி என்பது போர்வை, உள்ளே இருப்பது போர் என்று அக்டோபர் 1-ம் தேதி எழுதிக்கொடுத்தார். 3-ம் தேதி மறுபடியும் எழுதினார். அவருடைய மேலதிகாரி அதை மேலே அனுப்பவில்லை.

ஒரு தாள் எடுங்கள். மேலே ‘பயிற்சி’, ‘போர்’ என்று இரண்டு தலைப்பு. பக்கவாட்டில் கிடைத்த தகவல்களை ஒவ்வொன்றாக எழுதுங்கள். படைகள் கரைக்கு நகர்கின்றன: பயிற்சிக்கும் பொருந்தும், போருக்கும் பொருந்தும். அப்படியானால் இரண்டில் எது என்று தீர்மானிக்க அது உதவாது, அடித்துவிடலாம். மிதவைப் பாலச் சாமான்கள் வருகின்றன: இதுவும் இரண்டுக்கும் பொருந்தும், அடியுங்கள். சோவியத் ஆலோசகர்களின் குடும்பங்கள் எகிப்திலிருந்தும் சிரியாவிலிருந்தும் அவசர அவசரமாக விமானம் ஏறுகின்றன. அக்டோபர் 4, 5 தேதிகளில் நடந்தது இது. யாரோ செய்யும் பயிற்சிக்குப் பயந்து பெண்டுபிள்ளைகளை ஊருக்கு அனுப்புவார்களா? அந்த ஒரு வரிதான் தாளில் மிஞ்சும்.

அமெரிக்க சி.ஐ.ஏ.வில் இருந்த ரிச்சர்ட்ஸ் ஹூயர் இந்த முறையைப் பிற்காலத்தில் ஒழுங்குபடுத்திக் கொடுத்தார். நம் முடிவுக்குப் பொருந்துகிற தகவலை எண்ணுவதால் லாபமில்லை, பொருந்தாததைத் தேடு என்பதே அதன் சாரம். தாளும் பென்சிலும் போதும். அன்றைக்கு அதை யாரும் போட்டுப் பார்க்கவில்லை. போர் மூளும் வாய்ப்பு குறைவு என்றே உளவுத்துறைத் தலைமை சொல்லிக்கொண்டிருந்தது. 6-ம் தேதி பிற்பகல் 2 மணிக்கு இரண்டு முனையிலும் தாக்குதல் தொடங்கியது.

கேள்வி: அதன் பிறகாவது பாடம் கற்றார்களா?

பதில்: கற்றார்கள், அதுதான் வேடிக்கை. தலைமை நீதிபதி அக்ரனாத் தலைமையில் விசாரணை ஆணையம் அமைந்தது. ராணுவ உளவுத்துறைக்குள்ளேயே எதிர்வாதம் செய்வதற்கென்று ஒரு சிறு பிரிவு வந்தது. அதன் பெயர் ‘இப்கா மிஸ்தப்ரா’. அராமிக் மொழியில் ‘நிலைமை இதற்கு நேரெதிர் என்று தோன்றுகிறது’ என்று ஏறக்குறைய பொருள். யூத சமய விவாதங்களில் புழங்கும் சொற்றொடர்.

அந்தப் பிரிவு இருந்த நாட்டில்தான் 50 ஆண்டும் ஒரு நாளும் கழித்து 2023 அக்டோபர் 7 ஹமாஸ் தாக்குதல் நடந்தது. ஹமாஸ் அடங்கிக் கிடக்கிறது, இப்போதைக்குப் பெரிய சண்டைக்கு வராது என்பது இந்த முறை இருந்த கருத்து. எதிர்த்துப் பேசச் சம்பளம் வாங்குபவன் எதிர்த்துப் பேசினால், “அது அவன் வேலை” என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். நான் பார்த்தவரை, இந்த நோய்க்கு அமைப்பு விளக்கப்படத்தில் மருந்து இல்லை.

கேள்வி: சிவப்பு அணி சொல்வதெல்லாம் சரியாக இருக்குமா?

பதில்: இருக்காது. 1976-ல் சோவியத் பலத்தைப் பற்றிய சி.ஐ.ஏ. மதிப்பீட்டைச் சோதிக்க, ஹார்வர்டு வரலாற்றாசிரியர் ரிச்சர்ட் பைப்ஸ் தலைமையில் ‘டீம் பி’ என்று வெளியாட்கள் குழு ஒன்றை அமைத்தார்கள். அப்போது சி.ஐ.ஏ. இயக்குநர் ஜார்ஜ் புஷ், மூத்தவர். ஒலியை நம்பாமல் நீர்மூழ்கிகளைக் கண்டுபிடிக்கும் சோவியத் கருவிக்கு ஆதாரம் அகப்படவில்லை. அகப்படாததாலேயே அது ரகசியமாக இயங்கிக்கொண்டிருக்கலாம் என்கிற ரீதியில் அந்தக் குழு எழுதியது! சோவியத் பலத்தை அது மிகையாகக் கணித்தது என்பது பிறகு தெரிந்தது. முடிவைப் பையில் போட்டுக்கொண்டு உள்ளே வருகிறவர்களை நான் சிவப்பு அணியில் சேர்ப்பதில்லை. அவர்கள் இன்னொரு கட்சி, அவ்வளவுதான்.

கேள்வி: போர் ஒத்திகை ஆட்டத்தில் சிவப்பு அணி ஜெயித்துவிட்டால் என்ன செய்வார்கள்?

பதில்: விதியை மாற்றுவார்கள்.

1942 மே மாதம், பசிபிக் கடலில் அமெரிக்காவின் மிட்வே தீவைத் தாக்குவதற்கு முன்னால், ஜப்பானியக் கடற்படை ‘யமாட்டோ’ கப்பலில் மேசைமீது ஒத்திகை பார்த்தது. எதிரி விமானங்கள் குண்டு வீசின. நடுவர் பகடை உருட்டி ஒன்பது குண்டுகள் பட்டன என்றார். அகாகி, காகா என்ற இரண்டு விமானந்தாங்கிக் கப்பல்கள் மூழ்கின. தலைமை வகித்த ரியர் அட்மிரல் உகாகி குறுக்கிட்டு, ஒன்பதல்ல, மூன்றுதான் என்றார். அகாகி பிழைத்தது. மூழ்கிய காகாவும் ஆட்டத்தின் அடுத்த கட்டத்தில் மறுபடி மிதந்து வந்தது. ஜப்பானியக் கடற்படை அதிகாரிகளே போருக்குப் பின் எழுதிவைத்த கதை இது. ஜூன் 4-ம் தேதி நிஜக் கடலில் அகாகி, காகா இரண்டோடு சோர்யு, ஹிர்யு என நான்கும் குண்டுபட்டு எரிந்தன. கடலில் எண்ணிக்கையைத் திருத்த ஆளில்லை.

60 ஆண்டு கழித்து அமெரிக்கா 25 கோடி டாலர் செலவில் ‘மில்லேனியம் சேலஞ்ச் 2002’ என்ற போர் ஒத்திகையை நடத்தியது. சிவப்புத் தளபதி, ஓய்வுபெற்ற மரைன் ஜெனரல் பால் வான் ரைப்பர். வானொலியில் பேசினால் ஒட்டுக்கேட்பார்கள் என்று அவர் மோட்டார் சைக்கிளில் ஆள் விட்டுச் செய்தி அனுப்பினார். திடீரென்று ஏவுகணைகளையும் சிறு படகுகளையும் ஒன்றாக ஏவி, கணக்கில் 16 கப்பல்களை மூழ்கடித்தார். நிர்வாகம் கப்பல்களை மிதக்கவைத்து ஆட்டத்தைத் தொடர்ந்தது. நீலப் படை அழிப்பதற்கு வசதியாக ரேடாரை இயக்கிவை என்றும் சிவப்புக்குக் கட்டளை வந்தது. வான் ரைப்பர் பாதியில் விலகிக்கொண்டார். மற்ற சோதனைகளையும் நடத்த வேண்டுமே, முதல் நாளிலேயே மூட்டை கட்ட முடியுமா என்று அமைப்பாளர்கள் கேட்டதில் நியாயம் இல்லாமலில்லை. ஆனால் மூழ்கியதை ஏன் மூழ்கியது என்று உட்கார்ந்து பேசிவிட்டு மிதக்கவிட்டிருக்கலாம்.

கேள்வி: முடிவை மாற்றாத சிவப்பு அணியால் என்ன பயன்?

பதில்: 2011-ல் பாகிஸ்தானின் அபோட்டாபாத் வீட்டில் இருப்பது பின்லேடன்தானா என்பதை, அதுவரை அந்த வழக்கைத் தொடாத ஆட்களிடம் கொடுத்து மறுபடி பார்க்கச் சொன்னார்கள். அவர்களில் ஒருவரின் மதிப்பீடு 40 சதவீதம் வரை இறங்கியது. ஒபாமா அதற்குப் பிறகும் தாக்குதலுக்கு ஆணையிட்டார். உறுதியில்லை என்று தெரிந்தே எடுத்த முடிவு அது. ‘நிச்சயம் அவன்தான்’ என்று நம்பி எடுப்பதற்கும் இதற்கும் வித்தியாசம் உண்டு.

கேள்வி: இந்த வேலையைச் செயற்கை நுண்ணறிவிடம் கொடுத்துவிடலாமா?

பதில்: தாராளமாக. சலிக்காமல் மறுத்துப் பேசும். கேட்க விரும்பாத அதிகாரியை அது என்ன செய்துவிடும்?

கேள்வி: நீங்கள் சிவப்பு அணியில் இருந்ததுண்டா?

பதில்: மேஜராக இருந்தபோது ஒருமுறை. ஒரு கூடம் முழுக்க மணலைக் கொட்டி, ஆறு, பாலம், மேடு எல்லாம் செய்துவைத்திருந்தார்கள். பாலத்தை எதிரி விடமாட்டான் என்பதுதான் நீலத் திட்டத்தின் உயிர். நான் பாலத்தை விட்டுவிட்டேன். மேலே இருந்த மதகைத் திறந்து, பாலத்தைத் தாண்டி வந்தவர்களைச் சேற்றில் நிறுத்தினேன். பயிற்சித் தலைவர் கொஞ்ச நேரம் மணலையே பார்த்தார். பிறகு, “எதிரி அப்படிச் செய்யமாட்டான்” என்றபடி குனிந்து, நான் குத்திவைத்த சிவப்புக் கொடிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பாலத்தின் பக்கத்திலேயே திரும்பக் குத்தினார். என் அணியில் இருந்த சுபேதார் ஐயா கையிலிருந்த மிச்சக் கொடியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

பல வருஷம் இந்தக் கதையை மெஸ்ஸில் சொல்லிச் சிரித்திருக்கிறேன். சொல்லாமல் விட்ட பாதி ஒன்று உண்டு. பிற்பாடு இன்னொரு பயிற்சியில் அந்தத் தலைவர் நாற்காலியில் நான் இருந்தேன். திட்டமும் என்னுடையது. ஒரு கேப்டன் எழுந்து, நம் சப்ளை பாதையை எதிரி முதல் இரவிலேயே வெட்டுவான் என்றார். அதே வாக்கியம், எழுத்து பிசகாமல், என் வாயிலிருந்து வந்தது. நேரமாகிவிட்டது, எல்லோரும் சாப்பாட்டுக்குக் காத்திருந்தார்கள். கேப்டன் “எஸ் சார்” என்று உட்கார்ந்தார். அதற்குப் பிறகு இரண்டு வருஷம் என்கீழ் வேலை பார்த்தார். எந்தக் கூட்டத்திலும் என்னை மறுத்து ஒரு வார்த்தை பேசியதில்லை. ஒழுக்கமான அதிகாரி என்று அவருடைய ஆண்டறிக்கையில் நானே எழுதினேன்.