தெருநாய்க்கு விஷம் வைத்தால் ஐம்பது ரூபாய் அபராதம்தானா?

உங்கள் தெருவில் சோற்றில் விஷம் கலந்து நாய்களைக் கொன்றிருக்கிறார்கள். புகார் கொடுக்கப் போனால் "ஐம்பது ரூபாய் அபராதம்தான், விடுங்கள்" என்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். படித்ததும் நெஞ்சு கொதித்தது. விட்டுவிடாதீர்கள்.

அவர்கள் சொல்வது 1960ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவு. முதல் குற்றத்துக்கு 10 முதல் 50 ரூபாய் வரை அபராதம். ஓர் உயிரின் விலை இன்றும் அதுதான் என்பது வெட்கக்கேடு. தண்டனையைக் கடுமையாக்க 2022இல் மத்திய அரசு வரைவுத் திருத்தம் வெளியிட்டும் வேலை முடியவில்லை.

ஆனால் உங்களுக்கு வேறு வழி இருக்கிறது. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 325ஆம் பிரிவு: விலங்கை விஷம் வைத்துக் கொன்றால் ஐந்தாண்டு வரை சிறை. போலீஸார் நேரடியாக வழக்குப் பதிய வேண்டிய குற்றம் இது. பிரிவு எண்ணைப் புகாரிலேயே எழுதுங்கள்.

அதைவிட அவசரம், உடலைப் புதைக்காமல் அரசு கால்நடை மருத்துவமனையில் பிரேதப் பரிசோதனை கேட்பது. விஷம் உறுதியாகாவிட்டால் வழக்கு நிற்காது. மிச்சச் சோற்றை வெறுங்கையால் தொடாமல் படமெடுத்து, போலீஸாரிடம் ஒப்படையுங்கள்.

அப்படியும் பதிய மறுத்தால், புகாரை மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். மாநகரம் என்றால் ஆணையர் அலுவலகத்துக்கு. அதற்கும் அசையாவிட்டால் மாஜிஸ்திரேட்டிடம் மனு செய்யலாம்.