கரிச்சான் ஏன் வலியன் ஆனான்? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: கரிச்சானும் கரிக்குருவியும் ஒன்றா? பெயருக்கு என்ன பொருள்?

பதில்: ஒன்றேதான். கரி நிறத்தால் வந்த பெயர். வாயோரம் பொட்டு வைத்தாற்போல ஒரு வெள்ளைப் புள்ளி, மற்றபடி முழுக்கக் கறுப்பு. வால் நுனி பிளந்திருப்பதால் இரட்டைவால் குருவி என்றும் சொல்வார்கள்.

கேள்வி: காக்கையைவிடச் சின்னப் பறவை. இதற்குப் போய் வலியன் என்று பெயரா?

பதில்: கூடு வைத்திருக்கும் மரத்துப் பக்கம் காக்கை வரட்டும், அப்புறம் தெரியும்! பருந்தைக்கூட மேலிருந்து பாய்ந்து விரட்டும். அந்தத் தைரியத்தை நம்பியே புறாவும் கொண்டைக்குருவியும் அதே மரத்தில் கூடு கட்டுவதுண்டு.

திருவிளையாடல் புராணத்தில் இந்தப் பெயருக்குக் கதையே இருக்கிறது. மற்ற பறவைகள் கொத்திக் கொத்தி நொந்துபோன ஒரு கரிக்குருவி மதுரைக்கு வந்து பொற்றாமரைக் குளத்தில் மூழ்கி வழிபட, சொக்கநாதர் அதற்கு மந்திரம் உபதேசித்தார். அன்றுமுதல் அது வலியான் ஆயிற்று. விரட்டுவதைப் பார்த்த சனங்கள் முதலில் பெயர் வைத்திருப்பார்கள், கதை பிறகு சேர்ந்திருக்கும் என்பது என் எண்ணம். ஏனென்றால் வடக்கிலும் இந்தத் தைரியத்தை வைத்தே பெயர்: இந்தியில் கோத்வால், அதாவது நகரக் காவல் தலைவன். நம் சென்னைக் கொத்தவால் சாவடியில் இருக்கும் அதே சொல். மலையாளத்தில் ஆனறாஞ்சி. ஆனையையே கொத்திக்கொண்டு போய்விடுமாம்!

கேள்வி: திருப்பாவையில் 'கீசுகீசு' என்று பேசும் ஆனைச்சாத்தன் இதுதானா?

பதில்: உரைகாரர்கள் வலியன் என்றே பொருள் சொல்கிறார்கள். பொருத்தமும்தான். வெளிச்சம் வருமுன்பே குரல் கொடுக்கும் பறவைகளில் இதுவும் ஒன்று. மார்கழியில் நாலரைக்கு எழுந்தால் நீங்களே கேட்கலாம்.

கேள்வி: எழுத்தாளர் கரிச்சான் குஞ்சுவுக்கும் பறவைக்கும் என்ன தொடர்பு?

பதில்: நேரடியாக எதுவும் இல்லை. எழுத்தாளர் கு.ப.ரா. (கு.ப. ராஜகோபாலன்) 'கரிச்சான்' என்ற பெயரில் எழுதியிருக்கிறார். அவர்மேல் இருந்த மதிப்பால் நாராயணசாமி (கரிச்சான் குஞ்சுவின் இயற்பெயர்) தன்னைக் 'குஞ்சு' ஆக்கிக்கொண்டார்.

கேள்வி: ஆங்கிலத்தில் டிராங்கோ என்கிறார்களே, ஆஸ்திரேலியாவில் அது முட்டாளைத் திட்டும் சொல் அல்லவா?

பதில்: சொல் மடகாஸ்கர் தீவு மொழியிலிருந்து வந்தது. திட்டுக்குக் காரணம் பறவை இல்லை, குதிரை. 1920களில் அந்தப் பெயரில் ஓடிய பந்தயக் குதிரை 37 முறை ஓடியும் ஒருமுறைகூட ஜெயிக்கவில்லை.

கேள்வி: எங்கள் வீட்டு முருங்கையில் தினமும் ஒரு கரிச்சான் அழகாகப் பாடுகிறது. ஆனால் வயிறு வெள்ளையாக இருக்கிறதே?

பதில்: வாலை நிமிர்த்தி வைத்திருக்கிறதா? இறக்கையில் வெள்ளைப் பட்டை உண்டா? அப்படியென்றால் அது குண்டுகரிச்சான். பெயரில் மட்டும்தான் உறவு.